பூஜ்யத்தில் தொடங்கிய டோக்கன்

ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு டோக்கன் போட ஒரு புரோகிராம் எழுதித் தரச் சொல்லி எங்கள் ஊர்க் கமிட்டித் தலைவர் கேட்டபோதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் சர்வர் வேலை பார்க்கிறவள் என்ற மிதப்பு.

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பதால், போன் நம்பரின் கடைசி நாலு எண்ணை வைத்துத்தான் கமிட்டி ஆளை அடையாளம் காணும். நானும் அதையே கீயாக, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமாக வைத்து, எல்லாவற்றையும் ஜேசன் என்கிற டேட்டா ஃபைலில் சேர்த்தேன். முதலில் பதிந்தவர் காளை முதலில் அவிழ வேண்டும். 1, 2, 3 என்று போட்டுச் சோதித்தேன். வரிசை மாறாமல் வந்தது. அப்பாவின் தங்கையான என் அத்தை முதல் ஆளாய் வந்து பதிந்தார். எண் 0417.

ஜல்லிக்கட்டன்று காலை சுவரில் ஒட்டிய பட்டியலில் அத்தை கடைசி.

நான் புரோகிராம் எழுதிய பாழாய்ப்போன ஜாவாஸ்கிரிப்ட் மொழி! கீ எண்ணாக இருந்தால், நாம் கொடுத்த வரிசையை விட்டுவிட்டுச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொள்ளும். பூஜ்யத்தில் தொடங்குவதை எண்ணென்றே மதிக்காமல் பின்னால் தள்ளிவிடும். அப்படி நம்பர் உள்ளவர் அத்தை ஒருவர்தான். வருடக்கணக்காக இதில்தான் சோறு தின்கிறேன், இதுகூட உறைக்கவில்லை!

தலைவரிடம் ஓடினேன்.

"ஐயா, லிஸ்ட்டு தப்பு. அத்தைதான் மொதல்ல வரணும்."

"கம்ப்யூட்டர் போட்டது எப்புடிம்மா தப்பாகும்?"

"அதுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தாங்க! தப்பு என்னுது!"

"நீ அத்தைக்காகப் பேசுறேன்னு நாலு பேரு சொல்லுவாங்க. அங்கிட்டுப் போம்மா."

தலையில் அடித்துக்கொண்டேன். நோட்டில் எழுதிய காலத்தில் வரிக்கு வரி சண்டை போட்ட ஊர், கம்ப்யூட்டர் என்றதும் அப்படியே நம்பிவிட்டது!

நேரம் முடிந்ததென்று மைக்கில் அறிவித்தபோது பதினோரு காளைகள் மிச்சம். வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றி அத்தை வளர்த்த காளை, வாடிவாசலையே பார்க்காமல் திரும்பியது.

வீட்டுக்குப் போகும் வழியில் அத்தையிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் வந்த ஒருவர், "வரிசையில என்னமோ கோல்மால் பண்ணிட்டாய்ங்க" என்றார். அத்தை காளையின் கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றார்.

"எம் மருமக போட்ட லிஸ்ட்டு அது. அதுல தப்பு வராது. பாத்துப் பேசுங்க."

நான் இன்றுவரை சொல்லவில்லை.