காசிமாயனின் ஒன்பது ஜாப் கார்டுகள்

பதினான்கு மாதங்களில் ஒன்பது முறை. காசிமாயனின் வெள்ளை எஸ்யூவி, பைபாஸ் ரோட்டில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குள் கோளாறு என்று மட்டும் அத்தனை தடவை போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாப் கார்டு கொடுப்பார்கள். வண்டியில் என்ன குறை, என்ன வேலை பார்த்தார்கள் என்று அச்சடித்த தாள். ஒன்பதையும் அவர் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறார். மனைவி சின்னத்தாயின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் அதே பையில்தான் இருக்கின்றன. அவசரத்தில் கையை விட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் டயாலிசிஸ் பிரிவு நர்ஸிடம் அவர் நீட்டிய தாளில் "சென்சார் மாற்றப்பட்டது" என்று இருந்தது.

"எந்த சென்சார்ணே? அக்காவுக்கா?" என்று அந்த நர்ஸ் கேட்டாள். காசிமாயனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. செக்கானூரணிக்கு மேற்கே உள்ளடங்கிய ஊர். வீட்டை ஒட்டி ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருக்கிறார். அதோடு பதினாறு வருடம் சொந்த லாரியும் ஓட்டினார். சின்னத்தாய்க்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்ன மாதம் லாரியை விற்றார். செவ்வாயும் சனியும் மதுரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு முதல் ஷிஃப்ட், மெஷினில் நான்கு மணி நேரம். முடிந்து வரும்போது அவளால் உட்கார முடியாது, காலை நீட்டிப் படுத்தாக வேண்டும். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் நான்கு வாரம் கூட்டி வந்து பார்த்துவிட்டுத்தான், பின் சீட்டில் ஆள் படுக்கிற மாதிரி ஒரு பெரிய வண்டியை வாங்கினார். பந்தாவுக்கு வாங்கியிருக்கிறான் என்று ஊரில் நான்கு பேர் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த வண்டிக்கு வாரத்தில் இரண்டே வேலை: கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது. அதைத்தான் அது செய்ய மாட்டேன் என்றது.

வாங்கிய மூன்றாவது மாதம் ஆரம்பித்தது. நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டியதும் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் இழுவை இல்லை. ஓரம் கட்டுவதற்குள் பின்னால் வந்த பஸ் ஹாரனிலேயே வைது தீர்த்துவிட்டது. சாவியைத் திருப்பி அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அடுத்த வாரம் அச்சம்பத்தில் நின்றது. பிறகு இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டுக் காளவாசல் சிக்னலில், பச்சை விழுந்த நொடியில் நின்றது.

தாமதமாகப் போனால் ஆஸ்பத்திரியில் யாரும் திட்டுவதில்லை. மெஷின் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அடுத்த ஷிஃப்ட் ஆள் வாசலில் காத்திருப்பார், அவருக்கும் அதே வியாதி. அரை மணி குறைந்தால் அடுத்த முறை வரைக்கும் சின்னத்தாய்க்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும், தலையணையை அடுக்கி வைத்துச் சாய்ந்துதான் தூங்குவாள். அவள் சொல்ல மாட்டாள். காலையில் அவள் செருப்புக்குள் கால் நுழைகிறதா என்று பார்த்து அவரே தெரிந்துகொள்வார்.

சர்வீஸ் சென்டரில் அவருக்கு வாய்த்தவள் பவதாரிணி. இருபத்தேழு வயது, சர்வீஸ் அட்வைசர், கையில் எப்போதும் ஒரு டேப்லெட். கெட்டிக்காரப் பெண்தான். முதல் மூன்று தடவை அவளை மேடம் என்றார். நான்காவது தடவையிலிருந்து ஏம்மா என்றார்.

"சார், நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தாச்சு. ஒரு தடவகூட நிக்கல. பழைய எரர் மட்டும் மெமரியில இருக்கு. அதுக்காக சென்சார மாத்திட்டோம்."

"போன தடவயும் அதத்தான மாத்துனீங்க?"

"அது வேற சென்சார் சார்."

"ஏம்மா, ஒங்க கேட்டுக்குள்ள வந்தா மட்டும் அது நல்ல புள்ளயா நடந்துக்கிருதே, எப்புடி? நீங்க மெரட்டி வச்சிருக்கீகளா?"

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. சென்சார், ரிலே, பேட்டரி, மென்பொருள் அப்டேட், மறுபடியும் சென்சார். ஆறாவது தடவை ஐந்து நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். ஏழாவது தடவை கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, வண்டி மிகவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமையே அது நின்றது. எட்டாவது தடவை காசிமாயன் கண்ணாடிக் கதவில் ஓங்கி அடித்துக் கத்தினார். காபி குடித்துக்கொண்டிருந்த மற்ற வண்டிக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவருக்கே கூச்சமாக இருந்தது.

சின்னத்தாயின் அண்ணன் அழகுபாண்டி வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்ப்பார்.

"மாப்ள, வண்டி எங்க? மாமியா வீட்டுக்குப் போயிருக்கா?"

"மச்சான், வெந்த புண்ணுல..."

"இல்ல மாப்ள, தெரிஞ்சுக்கிறத்தான் கேக்குறேன். வண்டி ஒனக்கா, கம்பெனிக்காரனுக்கா? அங்கதான குடியிருக்கு."

இங்கே ஒரு அரிவாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நீள இரும்பு அரிவாள், பிடியில் ஒரு சின்ன மணி. லாரி வாங்கிய புதிதில் குலசாமி கருப்பு கோயிலில் பூசாரி கையில் வைத்துக் கொடுத்தது. காசிமாயன் அதை லாரியின் முன்பக்க இரும்புக் கிராதியில் கட்டுக்கம்பி போட்டுக் கட்டினார். பதினாறு வருடம் அது அங்கே மணியடித்துக்கொண்டு கிடந்தது, லாரி ஒருநாளும் வழியில் கைவிட்டதில்லை. லாரியை விற்றபோது அரிவாளை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டார். புது வண்டிக்கு அழகர்கோவிலில் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி இறக்கி, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை முன்பக்கக் கிரில்லில் கட்டினார்.

முதல் இலவச சர்வீஸுக்கு விட்டபோது, தண்ணீர் அடிக்கிற இடத்தில் யாரோ அதைக் கழற்றித் துடைப்பத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். காசிமாயன் ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்துத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வேறு எவன் கைக்கும் எட்டாதபடி, கிரில்லின் இடுக்கில் விரலை விட்டுத் தடவித் தடவி, உள்ளே ஆழத்தில் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார். அன்றிலிருந்து இன்னொரு வழக்கமும் வந்தது. வண்டியை சர்வீஸுக்கு விடும் ஒவ்வொரு முறையும், சென்டருக்கு ஐம்பது அடி முன்னாலேயே நிறுத்தி, அரிவாளை அவிழ்த்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொள்வார். வண்டி திரும்பக் கிடைத்ததும் அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் கட்டுவார்.

போன செவ்வாய்க்கிழமை வண்டி பாத்திமா கல்லூரிப் பக்கம் நின்றது, இந்தத் தடவை பத்து நிமிடத்தில் கிளம்பவில்லை. சின்னத்தாய்க்கு மெஷினில் முக்கால் மணி நேரம் குறைந்துபோயிற்று. திரும்பும் வழியில் காசிமாயன் ஒரு முடிவைச் சொன்னார். வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது, பட்டறையை மூடுவது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு பார்த்துக் குடிபோவது. வீடுகூடப் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்.

சின்னத்தாய் பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பிறகு, "அந்த ரூம்ல சன்னல் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு. எதுத்த வீட்டுச் செவுரு தெரியும்."

"நாளைக்குக் கம்பெனிக்குப் போறீகள்ல. நானும் வாரேன். ஒரு தடவ அந்தப் புள்ளையப் பாத்துருவோம்."

புதன்கிழமை, பத்தாவது தடவை. பவதாரிணி சின்னத்தாயைப் பார்த்ததும் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவள் கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றி ஏற்றி வீங்கித் தெரிந்த நரம்பைப் பார்த்துவிட்டு டேப்லெட்டைக் கீழே வைத்தாள். இந்த வண்டி எதற்காக ஓடுகிறது என்று இத்தனை மாதமாக யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளும் கேட்டதில்லை.

"இன்னைக்கு நாங்களா ஓட்டிப் பாக்கல சார். நீங்களும் வாங்க. நீங்க வழக்கமா வர்ற ரோட்டுலயே போவோம்."

மெக்கானிக் விருமாண்டி ஓட்டுவதற்கு ஏறினான். பதினெட்டு வருட அனுபவம், லேசாகக் கிண்டல் பேச்சு. பின் கதவைத் திறந்த சின்னத்தாய் காலை எடுத்து வைக்காமல் நின்றாள்.

"ஏங்க, அருவா எங்க?"

"துண்டுல இருக்கு. ஏறு."

"கட்டுங்க. அது இல்லாம இந்த வண்டில நான் ஒருநாளும் ஏறுனதில்ல."

"அக்கா, நான்தான ஓட்டுறேன். பயப்படாம ஏறுங்க" என்றான் விருமாண்டி.

"நீ ஓட்டுறதாலதான்யா கேக்குறேன்."

காசிமாயன் முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கிரில்லுக்குள் விரலை விட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, பழகிய கையால் கம்பியை முறுக்கினார். "என்ன சார் பண்றீங்க?" என்றாள் பவதாரிணி. "ஒரு நிமிசம்மா" என்றார்.

காளவாசல் தாண்டியது, அச்சம்பத்து தாண்டியது. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்றைக்கும் நிற்காது, இன்றைக்கும் பொய்க்காரனாகத்தான் திரும்ப வேண்டும் என்று காசிமாயன் நினைத்தார். நாகமலைப் புதுக்கோட்டை வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. மணி கிணுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"நின்னுருச்சு!" என்று காசிமாயன் பவதாரிணியைப் பார்த்துக் கத்தினார். "பாத்தியா தாயி? நின்னுருச்சு பாத்தியா?" வண்டி நின்றதற்காக அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

விருமாண்டி பானெட்டைத் தூக்கினான். செல்போன் வெளிச்சத்தை அடித்துத் தலையை உள்ளே விட்டவன் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"அண்ணே, இந்தக் கம்பிய எப்பக் கட்டுனீங்க?"

"அது எப்பவும் இருக்கிறதுதான்."

"எங்ககிட்ட வந்தப்ப ஒருநாளும் இத நான் பாக்கலயேண்ணே."

அவன் காட்டிய இடத்தைக் காசிமாயன் குனிந்து பார்த்தார். ரேடியேட்டர் விசிறிக்குப் பக்கத்தில் போகும் ஒயர்க்கட்டு. அதன் அடிப்பக்கம், கம்பி உரசி உரசித் தோல் பிய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. முறுக்கிய கம்பியின் நுனி அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கினால் தொடும், தொட்டால் விளக்கு எரியும். லாரியில் அந்த இடத்தில் வெறும் இரும்புதான் இருந்தது.

அவர் ஒன்பது தடவையும் கோளாறை வாசலிலேயே கழற்றித் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, வண்டியை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்.

ஷேர் ஆட்டோ ஒன்று அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஏன் சார் கழட்டிட்டுக் குடுத்தீங்க?" பவதாரிணி மெதுவாகத்தான் கேட்டாள்.

"மொதத் தடவ ஒங்க ஆளுக தொடப்பத்துக்குப் பக்கத்துல போட்டுட்டாக."

"அத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சாமி விசயம்மா. அத எப்புடிச் சண்டையாக்குறது?"

எல்லாவற்றுக்கும் சண்டை போட்ட மனிதர். பவதாரிணி குனிந்து அந்த ஒயரை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். "நான் ஒரு தடவையாவது கேட்டுக்கு வெளிய வந்து வண்டிய வாங்கியிருந்தாப் பாத்திருப்பேன் சார்" என்றாள். பிறகு, வெளிப்பொருளால் வந்த சேதம் என்றுதான் எழுத முடியும், வாரண்டியில் வராது என்றாள். காசிமாயன் தலையாட்டினார். கத்துவதற்கு அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. கண்ணாடிக் கதவில் அடித்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"மேடம்," என்றார், பல மாதத்துக்குப் பிறகு. "அன்னைக்குக் கத்துனத மனசுல வச்சுக்கிராதீக."

விருமாண்டி அரிவாளை அவிழ்த்து இரண்டு கையாலும் நீட்டினான். காசிமாயன் வாங்கத் தயங்கினார்.

"ஏ சின்னத்தாயி, இத இனி எங்கிட்டுக் கட்டுறது? கட்டாம விட்டா சாமி குத்தம் ஆயிராது?"

கண்ணாடியை இறக்கி அவள் கையை நீட்டினாள். "கொண்டாங்க இங்கிட்டு. சாமிக்கு ஒயரு தெரியுமா, ரேடியேட்டரு தெரியுமா? கட்டுனது நீங்க." வாங்கிய அரிவாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்தாள். "எம் மடியிலயே இருக்கட்டும். நானுந்தான சும்மா படுத்துக் கெடக்கேன், காவலுக்கு ஒரு ஆளாச்சு."

அன்று சாயங்காலமே காசிமாயன் அறை வீட்டுக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புது ஒயரிங் செட் சென்னையிலிருந்து வர ஆறு நாள் ஆகும். அதுவரைக்கும் டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் ஏழு மணிக்கு. ஐந்தரைக்குக் கிளம்புகிறார்கள்.