ஆளைக் குறைக்க வந்த பிரிண்டர்

பிரிண்டர் ரிப்பேர்காரனைத் தேடி வருகிறவர் யாரும் நல்ல சேதி கொண்டுவருவதில்லை. ரேடியோ மெக்கானிக்கும் மோட்டார் காயில் கட்டுகிறவரும் இந்த விஷயத்தில் என் கட்சிதான். ஓடும்போது நம்மை யாருக்கும் ஞாபகம் இருக்காது; நின்றுபோனால் நாம்தான் கெடுத்தோம் என்பார்கள். எண்பதுகளின் கடைசியில் தென்காசிப் பக்கம் கம்ப்யூட்டர் என்பது விரல்விட்டு எண்ணுகிற சங்கதி. அவற்றில் என்னை அதிகம் அலையவைத்தது ஒரு பஸ் முதலாளியின் ஆபீஸ். மதுரையில் யாரோ வைத்திருந்து அலுத்துப்போன கம்ப்யூட்டரையும், ஊசி ஊசியாகக் குத்தி எழுத்து அடிக்கும் ஒரு பிரிண்டரையும் சேர்த்து வாங்கி வந்திருந்தார். மெஷினோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாட்டை விளக்கத் தேவையில்லை.

சந்தனம்

ஆயுதபூஜை முடிந்த மறுநாள் ஆள் வந்தது. தாள் இருக்கும்போதே 'தாள் இல்லை' என்று சிவப்பு விளக்கு எரிகிறதாம். கேபிளைக் கழற்றி மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வேறு கேபிள் போட்டும் பார்த்தேன். விளக்கு அணைகிற வழியாக இல்லை. கடைசியில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் சின்ன விசையின் மேல் கட்டியாகச் சந்தனம், நடுவே குங்குமம். காய்ந்து இறுகி, விசை அசையவே இல்லை.

முதலாளியே தன் கையால் வைத்த பொட்டு. மேலே வைத்தால் போதாதா, உள்ளே எதற்கு என்று கேட்டேன். உயிர் உள்ளேதானே இருக்கிறது என்றார். ஈரத்துணியால் துடைத்ததும் விளக்கு அணைந்தது. அவருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஏழு பஸ்ஸுக்கும் பொட்டு வச்சிருக்கேன் வே, ஒண்ணாவது நின்னுருக்கா?"

டைப்ரைட்டர் பக்கத்து நாற்காலி

அந்த ஆபீஸில் தமிழ் டைப்ரைட்டருக்கு முன்னால் கோமதியம்மா உட்கார்ந்திருப்பார். எந்த பஸ்ஸை யார் ஓட்ட வேண்டும் என்று வாராவாரம் டியூட்டி பட்டியல் அடிப்பது அவர் வேலை. வீட்டுக்காரர் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தார். மகள் பிளஸ் டூ. இவர் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. பிரிண்டர் ஒரு மாதம் மக்கர் பண்ணாமல் ஓடிவிட்டால் டைப்பிஸ்ட் எதற்கு என்று முதலாளி எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, நான் ஒழுங்காக வேலை செய்தால் அந்த அம்மாவுக்கு வேலை போய்விடும். ஒருநாள் பிரிண்டரில் ஊசிகள் இருக்கும் தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு, இதை மாட்டாமலே போய்விட்டால் என்ன என்று நிஜமாகவே யோசித்தேன். என் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ, கோமதியம்மா டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"சரியாவே பாத்துருங்க தம்பி. அரகொறயா விட்டுட்டுப் போனா உங்களத்தான் ஏசுவாவ."

சாரல்

சீசன் வந்தால் ஊரே குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும். எனக்கு மட்டும் வேலை வரும். அந்த வருஷம் பிரிண்டர் தாளைக் கடித்துக் குதற ஆரம்பித்தது. தாளின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஓட்டைகள் தாளை இழுக்கும் சக்கரத்தின் பல்லில் உட்காராமல், நாலு வரி அடிப்பதற்குள் சுருண்டு அடைத்துக்கொள்ளும். பல்சக்கரத்தை மாற்றினேன், பிரயோஜனமில்லை. அப்புறம்தான் தாளைத் தொட்டுப் பார்த்தேன். நமுத்த அப்பளம் கெட்டது! மேற்கு ஜன்னல் வழியாகச் சாரல் காற்று நேரே தாள் கட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

பழைய பீரோ ஒன்றுக்குள் குண்டு பல்பு மாட்டி எரியவிட்டு, தாளை அதற்குள் வைத்து எடுத்தேன். பிறகு பிரிண்டர் நிற்கவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோமதியம்மா காதுபடவே முதலாளி சொன்னபோது அது அப்படியே இறங்கிவிட்டது.

"இனிமே டைப்பு எதுக்கு? மாசக் கடசியோட கோமதிய நின்னுக்கிடச் சொல்லிருவோம்."

மூன்று மாடசாமி

சொன்னபடி அவரை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரமே எனக்கு ஆள் வந்தது, பிரிண்டர் தப்புத்தப்பாக அடிக்கிறதென்று. போனால் ஷெட்டில் ஒரே கூச்சல். அங்கே டிரைவர்களில் மூன்று பேர் மாடசாமி. கோமதியம்மா ஊர் வழக்கப்படி ஆய்க்குடி மாடசாமி, மீசை மாடசாமி, சின்ன மாடசாமி என்று பிரித்து அடிப்பார். கம்ப்யூட்டரில் பெயருக்கு ஒதுக்கிய இடத்தில் வெறும் மாடசாமிதான் கொள்ளும், அதுவும் இங்கிலீஷில். ஆலங்குளம் ரோடு நல்ல ரோடு. மூன்று மாடசாமியும் அது தன் பேர்தான் என்று ஆலங்குளம் பஸ்ஸில் ஏறி நிற்க, பண்பொழி பஸ்ஸுக்கு ஆளே இல்லை. ஜனங்கள் ஸ்டாப்பில் காத்துக் கிடக்கிறார்கள்.

பட்டியலைப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட நசுங்காமல் அருமையாக அடித்திருந்தது. "மெஷின்ல கோளாறு இல்ல அண்ணாச்சி" என்றேன். முதலாளி மூன்று மாடசாமிகளையும் பஸ்ஸைவிட்டு இறங்கச் சொன்னார். பிறகு ஒரு பஸ்ஸையே கோமதியம்மா வீட்டுக்கு அனுப்பினார். தனியாளாக அதில் வந்து இறங்கியவருக்கு எந்த மாடசாமிக்கு எந்த ரோடு என்பது அத்துப்படி. பிரிண்டர் அடித்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் அடித்துக் கொடுத்தார், பஸ்கள் கிளம்பின. மறுநாள் முதல் அவர் பழைய நாற்காலிக்கே வரவேண்டும் என்று முதலாளி வாயாலேயே சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இந்த மெஷின் இருந்தால் என்ன, போனால் என்ன என்று கோமதியம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"ஐயோ, அது நல்லா ஓடட்டும் தம்பி. அது ஓடுனாத்தான் என் அரும இவாளுக்குத் தெரியுது."

ஆளைக் குறைக்க வாங்கிய மெஷின் எதுவும் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் ஓடி நான் பார்த்ததில்லை. அந்த ஆளை அனுப்பிய பிறகுதான் முதலாளிமாருக்கு அது தெரியவருகிறது.