புது டேப்பில் காணாமல் போன நாலு வரி

அடுத்தவன் எழுதிய லைப்ரரியை நம் ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு சேர்த்துக் கட்டுகிற வேலையை, நன்றாக நடந்தால் யாரும் கவனிப்பதில்லை. கெட்டுப்போனால் எல்லோரும் நம் மேஜைக்கு வந்துவிடுவார்கள். இதே வேலையில் முடி கொட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களுக்கு: லைப்ரரி என்றால் புத்தகசாலை அல்ல, வெளிக் கம்பெனி டேப்பில் அனுப்பும் கணக்கு நிரல்களின் மூட்டை. எண்பதுகளில் திருவனந்தபுரத்து ஆபீஸ் ஒன்றில் நானும் செல்வராஜும் இதைச் செய்தோம். நான் நிரந்தரம். போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் குடும்பத்திலிருந்து வந்த அவன் தற்காலிகம். தினசரி மழையை வைத்து அணையின் நீர்மட்டத்தைக் கணக்கிட, அணைக்கட்டு இலாகாவுக்காகக் கட்டும் சிஸ்டம் சரியாக ஓடினால் அவனையும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பட்டியலின் கடைசி

லைப்ரரி ஒட்டவே மாட்டேன் என்றது. முழு சிஸ்டத்தையும் ஒரு தடவை கட்ட ஒரு பகல் ஆகும்; நடுவில் கரண்ட் போனால் ஆரம்பத்திலிருந்து. நாலு நாள் போனது. செல்வராஜ்தான் கண்டுபிடித்தான்: சேர்க்க வேண்டிய நிரல்களின் பட்டியலை மெஷின் மேலிருந்து கீழே ஒரே தடவைதான் படிக்கும், அதுவரை யாரும் கேட்காததை விட்டுவிடும், ஆகவே லைப்ரரியின் பேர் அதைக் கேட்கிற நிரல்களுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு வரியை இடம் மாற்றினோம், ஓடியது. சூப்பரின்டெண்ட் கோபிநாதன் சார் எட்டிப் பார்த்து, இவ்வளவுதானா, இதற்கா நாலு நாள் என்று மலையாளம் கலந்து கேட்டார்: “இத்தரயே உள்ளூ? இதுக்கா எடோ நாலு திவசம்?”

டப்பா மேல் சீட்டு

அந்த லைப்ரரியில் ஒரு கோளாறு. மழை அளவு பூஜ்யம் என்று கொடுத்தால், அளவே வரவில்லை என்று நினைத்து முந்தின நாள் மழையைப் போட்டுக்கொள்ளும். கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டுப் பலனில்லை. செல்வராஜ் எங்கள் பிரதியில் நாலு வரியை மாற்றி எழுதி, அதை ஒரு சீட்டில் குறித்து டேப் டப்பாவின் மேல் ஒட்டினான். “அண்ணே, புது டேப் வந்தா இந்த நாலு வரியை மறுபடி சேர்க்கணும், கேட்டோ. மறந்துராதீங்க.”

தேங்காய்

தங்கை கல்யாணத்துக்கு அவன் லீவில் போன வாரம் கம்பெனியிலிருந்து லைப்ரரியின் புது டேப் வந்தது, புது டப்பாவில். பழைய டப்பாவைச் சீட்டோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். முதல் முயற்சியிலேயே சிஸ்டம் கட்டி முடிந்தது. சந்தோஷத்தில் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

மறுநாள் அணைக்கட்டு அதிகாரிகள் வந்து மார்ச் மாதக் கணக்கைக் கேட்டார்கள். மாதத் தொடக்கத்தில் ஒரே ஒரு மழை, பிறகு எல்லாம் பூஜ்யம். பெரிய அதிகாரி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: “சாரே, மழையே இல்லாத மாசத்துல எங்க டேம் நிறைஞ்சு வழியுதே?”

ஒரு மெமோ

ரிஜிஸ்டரில் லைப்ரரிப் பொறுப்பு செல்வராஜ் பேரில் இருந்தது. அவன் இதைச் சரிசெய்யாமலா லீவில் போனான் என்று சார் கேட்டார். அவன் செய்திருந்தான், நான்தான் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பயம். அதைச் சொல்லாமல் விட்டேன்.

அவன் வேலையை நீட்டிக்கவில்லை. கடைசி நாள் பீரோவைத் திறந்து சீட்டைப் பார்த்தான். கோபப்படக்கூட இல்லை, அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கிழக்கேகோட்டையில் ஊருக்குப் போக விதுரா பஸ் ஏறும்போது சொன்னான்: “அண்ணே, நீங்க பெர்மனென்ட். சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதானே?”

அடுத்தவன் எழுதியதை நம் சிஸ்டத்தில் சேர்ப்பதுதான் கஷ்டம், நம் தவறை அடுத்தவன் பேரில் சேர்க்க சும்மா இருந்தாலே போதும்.