ஏரிக்கரையில் நட்ட கால்: வேன் பந்தலுக்கு வீட்டில் செய்த கம்பங்கள்

போன வாரம் எங்கள் பழைய வேனின் படத்தை இந்தப் பக்கத்தில் போட்டாலும் போட்டேன், வேனை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் நிற்கும் பந்தலைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். அந்தக் கம்பங்களை எங்கே வாங்கினீர்கள், இப்போதும் கிடைக்குமா, என்ன விலை என்று ஒரே விசாரிப்பு. வாங்கவில்லை கண்ணுகளா, நானே செய்தேன்! திருவள்ளூரில், எங்கள் வீட்டுக் கொல்லையில், என் கையால் செய்தேன். வேனில் படுத்து எழுந்து ஊர் சுற்றக் கிளம்பும் இன்றைய பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்று முழுக் கதையையும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். என் கணவர் தனபாலும் அவருடைய அண்ணன் ஏகாம்பரமும் கூட்டாக ஏலத்தில் எடுத்த வேன் அது. அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமாவுக்கு அதை வாடகைக்கு ஓட்ட ஆசை. எங்களுக்கோ அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, கன்னியாகுமரி வரை போய்வர ஆசை. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகையில் கட்டில் போட்டோம், ஜன்னலுக்குத் திரை தைத்தேன். வாடகை சரியாக ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து ஊத்துக்கோட்டைக் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் வேனை விலைக்குக் கேட்டார். மாமா தலையாட்டிவிட்டார்.

நான் சண்டைக்குப் போனேன். மாமா சிரித்தார்.

"இன்னாம்மா சரசு, வண்டிக்குள்ள கொஞ்ச நேரம் குந்தினாலே வெந்து பூடுறோம். இதுல கன்னியாகுமரி போறாளாம்!"

"பக்கத்துல பந்தல் போட்டுக்கலாம் மாமா. கம்பம் நான் செய்றேன்."

"சரி. வர்ற ஞாயித்துக்கெயம என்னையும் உங்க அக்காவையும் இட்டுக்கினு போ. உன் பந்தலுக்கு அடியில நான் துன்னு முடிச்சு கை கழுவணும். அதுக்கு முன்ன படுதா தரைக்கு வந்துச்சுன்னு வெச்சுக்கோ, திங்கக்கெயம சாயங்காலம் வண்டி ஊத்துக்கோட்டைக்குத்தான்."

ஒப்புக்கொண்டேன்.

இனி கம்பங்கள். காயலான் கடையில் பழைய தண்ணீர்க் குழாய்களைத் தேடினேன். நாலு பெரிய குழாய், அதற்குள் தாராளமாக நுழைகிற நாலு சின்னக் குழாய், எல்லாம் சேர்த்துப் பதினோரு ரூபாய். ஒவ்வொன்றும் ஐந்தடி. இரண்டிலும் அரை அடிக்கு ஒரு துளை போட்டு, துளையோடு துளையைச் சேர்த்து ஒரு போல்ட்டைச் செருகினால் வேண்டிய உயரத்தில் நிற்கும். துளை போடுவதும் பற்றவைப்பதும் லேத் பட்டறையில் நடந்தது, பட்டறைக்காரர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "ஊட்டுல ஆம்பள யாரும் இல்லியா?" என்றார். "இருக்காரு, சமையல் பண்றாரு" என்றேன். குழாயை இழுத்துப்போட்டு வேலையைத் தொடங்கினார். கம்பத்தின் தலையில், படுதாவின் இரும்பு வளையத்துக்குள் நுழைய ஒரு சிறு கம்பி. அடியில், மணலில் இறங்காமல் இருக்க உள்ளங்கை அகலத் தகடு. ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை அடித்ததும் என்ன அழகாக இருந்தன தெரியுமா! கொல்லையில் நாலையும் நிறுத்திப் படுதாவை மாட்டிவிட்டு, கீழே நின்று நானே கைதட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்ப ஏற்பாடு. மாமாவின் மனைவி லோகு அக்கா ஒரு தட்டோடு வந்து நின்றார். மஞ்சள், குங்குமம், மாவிலைக் கொத்து, நவதானியம் முடிந்த மஞ்சள் துணி.

"பந்தல்னு சொல்லிட்டு சும்மா கால் நடுவாங்களாடி? ஈசானி மூலைக் காலு எதுன்னு காட்டு."

வடகிழக்கு மூலைக்கென்று ஒரு கம்பத்தைக் கொடுத்தேன். என் பச்சைப் பெயிண்டின் மேல் மஞ்சளைப் பூசிப் பொட்டு வைத்து, மாவிலையைக் கட்டினார். ஓரகத்திக்குள் காலங்காத்தால் தகராறு வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். நம் ஊரில் பந்தக்கால் நட்டால் அதற்கு ஒரு சட்டம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்: நட்டதை அசைக்கக் கூடாது. எனக்கும் தெரியும். யோசிக்கத்தான் இல்லை.

பூண்டி ஏரியை ஒட்டிய ரோட்டில் விடியற்காற்றை வாங்கிக்கொண்டு, சுமார் முப்பது கிலோமீட்டர் ஓட்டி, ஏழு மணிக்கு ஊத்துக்கோட்டை. இட்லியும் வடகறியும் நாஷ்டா. எங்கள் கெட்ட நேரம், அதே கடையில் மண்டிக்காரரும் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், கூரைமேல் கட்டியிருந்த கம்பங்களைப் பார்த்ததும் மாமாவின் தோளில் கையைப் போட்டார்.

"இன்னா நைனா, கல்யாணத்துக்கா? போய்ட்டு வாங்க. நாளைக்கு டப்பு எடுத்துக்கினு வரேன்."

பணத்தோடு வருகிறாராமே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு வடை வாங்கித் தின்று கோபத்தை அடக்கினேன்.

அங்கிருந்து பெரியபாளையம், ஆரணி வழியாகப் புதுவாயல் வந்து பெரிய ரோட்டைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டி. இப்போது தொழிற்சாலைச் சுவர்களாக நிற்கும் இடங்களில் அன்று புதர்க்காட்டையும் சவுக்குத் தோப்பையும்தான் பார்த்தோம். கும்மிடிப்பூண்டியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிழக்கே திரும்பினால், சுண்ணாம்புக்குளம் தாண்டிப் பழவேற்காடு ஏரியின் கரை. திருவள்ளூரிலிருந்து மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர், நடுவில் பாய் விரித்த படகுகள். நான் கதவைத் திறந்து குதித்து ஓடியதில் ஒரு செருப்பு மணலில் தங்கிவிட்டது.

காற்று மேற்கிலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதற்கு வேன் மறைவாக இருக்கட்டும் என்று தெற்குப் பார்த்து நிறுத்தி, கிழக்குப் பக்கம், ஏரியைப் பார்த்தாற்போலப் பந்தல் போட்டோம். படுதாவின் ஓர் ஓரத்தைக் கயிற்றால் வேனோடு கட்டினோம், மூன்று கம்பங்கள் தகட்டின்மேல் நின்றன. நாலாவதற்கு அக்கா ஒன்றரை அடிக் குழி தோண்டச் சொல்லி, பாலை ஊற்றி, தேங்காய் உடைத்து நட்டார். கரையோரக் குப்பத்திலிருந்து கூடையோடு வந்த எல்லம்மா என்ற மீன்காரப் பெண், மாவிலையைப் பார்த்துவிட்டுக் குதூகலமாகிவிட்டாள்.

"இன்னாமே, கல்யாணமா? பொண்ணு மாப்ள எங்க கீறாங்க?"

"வண்டிக்குப் பந்தல்மா" என்றேன்.

"வண்டிக்கா கல்யாணம்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இறால் வாங்கினோம். போகாமல் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து அவளே உரித்தும் கொடுத்தாள். மாமா பாயில் சாய்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் அருமையாக இருந்தது. கன்னியாகுமரிக்கு என்னென்ன பாத்திரம் எடுத்துப்போகலாம் என்று நான் மனதுக்குள் அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் காற்று செத்தது. கொஞ்ச நேரம் ஓர் இலைகூட ஆடவில்லை. பிறகு எதிர்ப்பக்கம் கிழக்கிலிருந்து, கடல்காற்று ஒரே மூச்சில் வந்தது. படுதா வயிறு உப்பி மேலே எழும்பியது. தகட்டின்மேல் நின்ற கம்பங்கள் மணலைவிட்டுத் துள்ளின. நான் ஒன்றையும் தனபால் ஒன்றையும் பாய்ந்து பிடித்தோம். அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது. கடற்கரைப் பக்கம் மத்தியானத்தில் காற்று திரும்பும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. திருவள்ளூர்க் கொல்லையில் ஏது கடல்காற்று?

"வண்டியைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் மறைச்சு நிறுத்தினா காத்து அடிக்காது. அதுக்குப் படுதாவ எறக்கணும்" என்றார் தனபால்.

"எறக்கக் கூடாது!" என்று கத்தினேன். எறக்கினால் வேன் போச்சு.

"அப்போ அப்படியே நாலு காலையும் தூக்கிக்கினு நவுரலாம்" என்றார் அவர்.

"நாலா?" என்று அக்கா கரண்டியோடு எழுந்தார். "பந்தக்கால்ல கை வெச்சா பாரு! நட்டத அசைச்சா குடும்பத்துக்கு ஆவாது."

மாமா பாயில் உட்கார்ந்தபடி மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் அந்த எரிச்சலில்தான் யோசனை வந்தது. அசைக்கக் கூடாதது ஒரே ஒரு கால்தானே? அதுவும் ஒன்றரை அடி புதைந்து கல்லாக நிற்கிறது. அது அங்கேயே இருக்கட்டும், மற்ற மூன்றையும் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் படுதாவைத் திருப்பினால்?

தனபால் வேன் பக்கக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு ஸ்டீயரிங்குக்கு ஓடினார். என் கையில் ஒரு கம்பம், எல்லம்மா கையில் ஒன்று. மூன்றாவது சாயப்போனது. எல்லம்மா திரும்பி ஓர் அதட்டல் போட்டாள்.

"யோவ் பெர்யவரே! பாத்துக்கினு குந்திக்கினு கீற? புடிய்யா!"

மாமா வாழ்க்கையில் யாரும் அவரை அப்படி அதட்டியதில்லை. திடுக்கிட்டு எழுந்து பிடித்துவிட்டார்! மூன்று பேரும் கம்பங்களை உயர்த்திப் பிடித்தபடி, பந்தக்காலைச் சுற்றி மணலில் அடிமேல் அடி வைத்து நடந்தோம். தலைக்குமேல் படுதா படபடவென்று அடித்தது. அக்கா சோற்றுக் குண்டானைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிழலோடு கூடவே வந்தார். வேன் உறுமிக்கொண்டு பெரிய வட்டம் போட்டு வந்து, கிழக்குப் பக்கத்தில் வடக்குப் பார்த்து நின்றது. குப்பத்து ஜனம் கூடி விசிலடித்தது. சிரிப்பில் எனக்குக் கை நழுவியது, "புடிம்மா, புடிம்மா" என்று மாமா கத்தினார். கயிற்றைக் கட்டி முடித்ததும் காற்று வேனில் மோதி நின்றுவிட்டது. படுதா தரையைத் தொடவேயில்லை!

வெயில் மேற்கே இறங்கியபோது அந்தப் பக்கக் கம்பங்களின் போல்ட்டைக் கழற்றி உயரத்தைக் குறைத்தேன். பந்தக்காலைத் தொடும்போது அக்காவைப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்தார். "தலை குனியலாம். கால்தான் அசையக் கூடாது" என்றார். ஈசானி மூலையில் நட்டது இப்போது தென்மேற்கே, கன்னி மூலையில் நின்றதை அவர் கவனிக்காமல் இல்லை. "அது காத்தோட குத்தம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இறால் தொக்கோடு மாமா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார்.

நாலு மணிக்கு மூட்டை கட்டும்போது அடுத்த சோதனை. மூணாம் நாளைக்கு முன் பந்தக்காலைப் பிடுங்க விடமாட்டேன் என்றார் அக்கா. மறுநாள் மாமாவுக்கு வேலை. எல்லம்மாதான் வழி சொன்னாள். "உட்டுட்டுப் போங்கமே. வலை காயப்போட ஆவும். யாரும் கை வெக்காம நான் பாத்துக்கறேன்." என் பச்சைக் கம்பம் மாவிலையோடு ஏரிக்கரையில் நின்றது. மூன்று கம்பங்களோடு திரும்பினோம்.

பெரியபாளையம் தாண்டியதும் பின்னாலிருந்து மாமா கேட்டார்: "ஏம்மா சரசு, நான் புடிச்சுக்கினு நின்னதாலதான படுதா நின்னுச்சு? அப்போ நின்னது உன் பந்தலா, நானா?" வேன் போச்சு என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முடிவுக்கு வருமுன் உங்களுக்குச் சில விஷயங்கள். நாலு கம்பத்துக்கும் தகடு வைக்காதீர்கள். ஏரிக்கரை, கடற்கரை என்றால் இரண்டையாவது ஒன்றரை அடி புதைத்துவிடுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அதன் குழாயோடு ஒரு நூலால் கட்டிவைக்க வேண்டும், மணலில் விழுந்தால் கிடைக்காது. காலையில் அடிக்கும் காற்றை நம்பி வண்டியை நிறுத்த வேண்டாம், மத்தியானம் எந்தப் பக்கம் அடிக்கும் என்று அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பட்டறையில் கொடுத்துத் துளை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எப்போதும் ஒரு கம்பம் கூடுதலாக எடுத்துப்போங்கள். உடன்வருகிறவர்களில் ஒருவராவது உங்கள்மேல் நம்பிக்கை இல்லாதவராக இருப்பது நல்லது. அவர் கையிலும் ஒரு கம்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சொன்னபடி மண்டிக்காரர் வந்தார். வாசலில் வேனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாவியைக் கேட்டார். அண்ணன் வரட்டும் என்றார் தனபால். நான் உள்ளே போய்த் திரைகளைக் கழற்ற ஆரம்பித்தேன், என் தையல் அவருக்கு எதற்கு?

சைக்கிள் மணி கேட்டது. மாமா வேலை முடித்து நேராக வந்திருந்தார். சைக்கிள் பாரில் கயிறு போட்டு இரண்டு குழாய்களைக் கட்டியிருந்தார், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. மண்டிக்காரர் எழுந்தார்.

"டீ சாப்ட்டு கெளம்பு நைனா. வண்டி குடுக்கறதா இல்ல" என்றார் மாமா.

பிறகு குழாய்களை அவிழ்த்து என் காலடியில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்: "எவ்ளோ நீளம் அறுக்கணும், அளவு சொல்லும்மா. கன்னியாகுமரில காத்து இன்னும் பேஜாரா அடிக்குமாமே?"