மப்ரூகாவின் கம்பளிகள்

எங்கள் ஊர் அய்ன் ரம்லாவில் வெளியூர்க்காரர் யாராவது மூக்கைப் பொத்தினால் மப்ரூகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருமுறை, எங்கள் உரத் தொழிற்சாலைப் புகையைப் படம்பிடிக்கத் துனிஸிலிருந்து வந்த தொலைக்காட்சிக்காரன் முகமூடியோடு அவள் வாசலில் நின்றான். "மூஞ்சியக் காட்டிப் பேசுறதா இருந்தா பேசு. இல்லேன்னா வந்த வழியப் பாத்துப் போ" என்று கதவைச் சாத்தினாள். அவள் புருஷன் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தான். ரொட்டியும் அங்கிருந்துதான் வந்தது, அவனைக் கொண்டுபோன இருமலும் அங்கிருந்துதான் வந்தது. நான் அடுத்த வீட்டுக்காரி, கூடவே இருந்து பார்த்தவள்.

மகள் ஹனேனுக்கு ஸ்ஃபாக்ஸிலிருந்து வந்த முதல் சம்பந்தம் பாதியில் முறிந்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பிள்ளை தங்காது என்று யாரோ ஓதிவிட்டிருக்கிறார்கள். உண்மையா பொய்யா, எங்களுக்கே தெரியாது. அந்தத் தெரியாமைதான் எங்களை அரிக்கிறது. தெருவில் எவளாவது முழுகாமல் இருக்கிறாள் என்றால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் பயந்துவிடுகிறோம். மப்ரூகா மகளை ஜெர்பாவில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே மத்னீன்காரப் பையன் ஒருவன் பார்த்து, பிடித்துப்போய்ப் பெண் கேட்டான். இதுவும் கைநழுவிவிடக் கூடாது என்று அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சீர்ப்பெட்டி போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைத் திறந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்கள். மப்ரூகா தானே நெய்த கம்பளிகளைத் துவைத்து, மாடியில் காயப்போட்டு, சாம்பிராணிப் புகை காட்டி மடித்தாள். ஒன்றை என் முகத்தில் வைத்து அழுத்தினாள்.

"மோந்து பாருடி. ஏதாச்சும் வாடை வருதா?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் இருக்கு."

பெட்டியோடு நாங்களும் மத்னீன் போனோம். அதைத் திறந்தபோது கொட்டும் பாட்டும் அமர்க்களமாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஃபத்ஹிய்யா முதல் கம்பளியை ஆசையாக எடுத்து மார்போடு அணைத்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பினாள். பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. ஒருத்தி எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

"என்ன, பிடிக்கலையா?" என்றாள் மப்ரூகா. குரலில் சண்டை தயாராக இருந்தது.

"நெசவு ரொம்ப அழகு சம்பந்தி. கொஞ்சம் காத்தாட வெச்சு எடுத்துக்கிறோம்."

"நான் காயப்போட்டுத்தானே மடிச்சேன்."

"அங்க காயப்போட்டிருப்பீங்க." ஃபத்ஹிய்யா தரையைப் பார்த்தாள். "அழுகின முட்டை மாதிரி அடிக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

மப்ரூகாவின் முகம் வெளிறிப்போனது. "அப்ப கல்யாணம்?"

"அது நடக்கும். ஹனேன் எங்க பொண்ணு. ஆனா ஒண்ணு, தலைப்பிரசவத்துக்கு அவள அங்க அனுப்ப மாட்டோம்."

தலைப்பிள்ளை பெற்று நாற்பது நாளும் தாய்வீட்டில் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மப்ரூகா எழுந்துவிட்டாள். "அது எம் பாத்தியத. அத வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

"நாங்க சொல்லல. ஹனேனேதான் எம் மகன்கிட்ட கேட்டுக்கிட்டா. உங்ககிட்ட சொல்ல அவளுக்கு வாய் வரல."

ஊருக்காக யாரையும் எதிர்த்து நின்றவள் பொத்தென்று உட்கார்ந்தாள். ஹனேன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் செய்ததில் தப்பில்லை என்றும் தெரிந்தது.

மப்ரூகா விரித்துக் கிடந்த கம்பளியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "சரி. அப்ப நான் இங்க வந்து பாத்துக்கிறேன். படுக்க ஒரு மூல போதும்."

"தாராளமா வாங்க. இது உங்க வீடு." ஃபத்ஹிய்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வரும்போது துணிமணி எதுவும் எடுத்துட்டு வராதீங்க. நானே எடுத்துத் தர்றேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படி வலித்தது.

வேனில் ஊர் திரும்பினோம். தொழிற்சாலையின் புகைபோக்கிகள் கண்ணில் பட்டதும் மப்ரூகா தன் சட்டைக் கையை மூக்கில் வைத்து இழுத்து இழுத்து மோந்தாள். பிறகு கையை என் பக்கம் நீட்டினாள்.

"இப்பவாச்சும் சரியாப் பாத்துச் சொல்லு."

முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தேன்.

"எனக்கும் தெரியலக்கா" என்றேன்.