ஆடியில் ஒரு நீளப் பாட்டு

ஆடி பிறந்தால் எங்களுக்கு லீவு. முகூர்த்தம் கிடையாது, அதனால் கல்யாண வரவேற்பு கிடையாது, அதனால் கச்சேரியும் கிடையாது. மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு மண்டபத்தில், பந்திக்கு ஓடுகிறவர்களின் முதுகைப் பார்த்தபடி கீபோர்டு வாசித்துக்கொண்டிருப்பேன். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முழங்காலில் வலி, கழுத்தில் வலி, வீட்டில் திருத்தாத விடைத்தாள் கட்டு. நாற்பத்தைந்து வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும் என்பது. அதையும் விட்டுவிட்டு ஆடிக்கு ஆடி ஆல்பம் போடக் கிளம்பிவிடுவேன்.

ஆல்பம் எங்கள் கிட்டார்காரன் கிளப்பிவிட்ட வினை. அதே கச்சேரிக் குழுவில்தான் அவனும் வாசிக்கிறான். புரோக்ரசிவ் ராக் என்று சொல்வான். ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும், தாளம் நடுவழியில் மாறும், கேட்கிறவன் கை தட்டுவதா வேண்டாமா என்று முழிப்பான். மதுரைப் பக்கம் தமிழில் இப்படி ஒன்றை எங்களுக்கு முன்னால் யாரும் செய்ததாகக் காதில் விழவில்லை. ஏன் செய்யவில்லை என்பது எங்களுக்குப் போகப் போகப் புரிந்தது.

நாங்கள் மூன்று பேர். கிட்டார் வாசித்துப் பாடுகிறவன், டிரம்ஸ்காரன், நான். இரண்டு பேருக்கும் நான் அக்கா. சின்னப் பாட்டுகள் ஐந்தை எப்படியோ முடித்து வைத்திருந்தோம். மிச்சம் இருந்தது அந்த நீளப் பாட்டு. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து அவனியாபுரம் வரும் ஒரு ஷேர் ஆட்டோவைப் பற்றியது. ஆள் பிதுங்கப் பிதுங்க மெதுவாகக் கிளம்பும். ஒவ்வொருவராக இறங்க இறங்க வண்டி வேகம் பிடிக்கும், பாட்டும் வேகம் பிடிக்கும். கடைசியில் காலி வண்டி பறக்கும். அந்த வேகம் எங்கள் மூன்று பேர் கையிலும் சேர்ந்து ஏற வேண்டும் என்பதால் துண்டு துண்டாக வாசித்து ஒட்ட முடியாது. ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும்.

ஊருக்குள் இருக்கும் ஸ்டூடியோக்களில் ஒரு ஆள் நின்று பாட இடம் இருக்கும், டிரம்ஸை விரிக்க இடம் இருக்காது. மேலூர்ப் பக்கம் ஒருவர் குடோன் கொடுத்தார். பக்கத்தில் கல் அறுக்கும் மிஷின். சமயநல்லூரில் ஒரு தோட்ட வீடு கிடைத்தது. ஒரு பக்கம் லாரி, இன்னொரு பக்கம் ரயில். கடைசியில் அவனியாபுரத்தில் டிரம்ஸ்காரனின் மச்சானுடைய லேத் பட்டறைக்கே வந்து சேர்ந்தோம். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அங்கே வேலை நடக்காது. சுற்றிலும் சாக்கைத் தொங்கவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டால் உள்ளே ஆயில் நாற்றமும் நாங்களும் மட்டும்தான். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதைக்கூடச் சமாளித்தோம். விமானம் ஒரு நேரத்துக்கு வரும், ஒரு நேரத்துக்குப் போகும்.

அம்மனுக்கு அப்படி நேரம் கிடையாது. ஆடி மாதம் முழுக்கக் கோயிலில் ரேடியோ பாடும். எங்கள் பக்கம் குழாய் கட்டிப் போடும் ஒலிபெருக்கிக்கு ரேடியோ என்றுதான் பெயர். பட்டறைக்கு நேர் எதிர்க் கம்பத்தில் ஒரு குழாய், தெருமுனையில் ஒரு குழாய். டிரம்ஸுக்கு வைத்த மைக்கெல்லாம் அம்மன் பாட்டைத்தான் முதலில் பிடிக்கும். எங்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதத்தில்தான் ஊருக்கு வாய் திறக்கும். இரண்டு ஆடி இப்படியே வீணாய்ப் போனது. மூன்றாவது ஆடியில், டிரம்ஸ்காரனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, ஆவணியில் குடும்பத்தோடு கிளம்புவது முடிவாகிவிட்டது. இந்த ஆடியில் அந்தப் பாட்டை வாசிக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

கிட்டார்காரன்தான் கோயில் கமிட்டித் தலைவரிடம் போய் நின்றான். துணைக்கு என்னையும் இழுத்துப்போனான், டீச்சர் சொன்னால் கேட்பார்களாம். அவர் டூவீலர் பட்டறை வைத்திருப்பவர். கை துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சாமி பாட்டா தம்பி?"

"இல்லண்ணே. ஷேர் ஆட்டோ பாட்டு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, எந்தப் பாட்டோ இருந்துட்டுப் போகுது. வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி வச்ச கச்சேரிக்காரன் வர முடியலைன்ட்டான். நீங்க ஏறி சாமி பாட்டு வாசிச்சுக் குடுங்க. மறுநா மத்தியானம் ஒரு மணி நேரம் ரேடியோவ நிப்பாட்டச் சொல்லிர்றேன். போதுமா டீச்சர்?"

போதும் என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரல் கழன்று விழும் வரை வாசித்தோம். முன்வரிசையில் சாமி வந்து ஆடிய ஒரு அம்மாள், பாட்டை நிறுத்தினால் உருட்டி விழித்தாள், அதனால் ஒரே பாட்டையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். நீளப் பாட்டுக்கு நல்ல பயிற்சி என்று டிரம்ஸ்காரன் என் காதில் சொன்னான்.

மறுநாள் சொன்னபடி ரேடியோ நின்றது. ஒரு வரியின் பாதியில் பட்டென்று நின்றது. பட்டறைக்குள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கேயோ குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஆடி மாதத்தில் அந்தத் தெருவில் அப்படிச் சத்தங்கள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வாசிக்க ஆரம்பித்தோம். நல்லபடியாகப் போனது. நல்லபடியாக என்றால், என் முழங்கால் எனக்கு மறந்துபோகிற அளவுக்கு. இடது கையில் பேஸ், வலது கையில் மற்றது, ஒரு கையைப் பற்றி இன்னொரு கைக்குக் கவலையே இல்லை. வில்லாபுரத்தில் ஆள் இறங்கி வண்டி வேகமெடுக்கும் இடத்தை மூவரும் ஒன்றாகத் தாண்டினோம். கிட்டார்காரன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் போயிருக்கும்.

ஷட்டரை யாரோ தடதடவென்று அடித்தார்கள்.

"தம்பி! அதெல்லாத்தையும் நிப்பாட்டு! வீட்டுக்கு ஓடு! ஒங்கப்பா..."

கிட்டார் வயரோடு தரையில் விழுந்தது. அவன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். பின்னாலேயே நாங்களும் ஓடினோம்.

அவனுடைய அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். அடுத்த தெருவில்தான் வீடு. நாங்கள் போவதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் பிளாஸ்டிக் சேர்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு அத்தை தலையை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியின் முதல் அடியை எடுத்திருந்தாள். கிட்டார்காரனின் மனைவி கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்து, யாருக்கு என்ன ஆனது என்று புரியாமல் நின்றாள். உள்ளே பெரியவர் தலையணையில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் திருவிழா நடக்கும்போது ரேடியோவைப் பாதியில் நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தெருவில் யாரோ செத்துப் போயிருக்கிறார்கள். நடையைச் சாத்தி, ரேடியோவை நிறுத்தி, எடுத்த பிறகுதான் மறுபடி போடுவார்கள். பிறந்ததிலிருந்து இது எங்களுக்குத் தெரியும், கமிட்டித் தலைவருக்கும் தெரியும். பாட்டுப் பைத்தியத்தில் எங்களுக்குத் தோன்றவில்லை, அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரேடியோ நின்றதும் தெருவே யோசித்திருக்கிறது. படுக்கையில் இருக்கிறவர் யார்? கண்டக்டர்தான். கிளம்பிவிட்டார்கள்.

விஷயம் முதலில் புரிந்தது பெரியவருக்குத்தான். வாசலில் ஒருவர் ரோஜா மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

"எனக்கா?" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்ததால் வார்த்தை குழறும். "கொண்டா. வாடிப் போயிரும்ல."

மாலைக்காரர் ஓடியே போய்விட்டார். பெரியவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"ஏன்டா ரேடியோ நின்னுச்சு?"

"என் பாட்டு ரெக்கார்டிங்குக்காகப்பா. கேட்டு நிப்பாட்டுனோம்."

"ஒனக்காகவா?"

"ஆமாப்பா."

"கோயில் ரேடியோவ, ஒனக்காகவா நிப்பாட்டுனாங்க?"

மூன்றாவது தடவை என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். இத்தனை வருஷமாக மகனைப் பற்றி யார் கேட்டாலும், டொய்ங் டொய்ங் என்று தட்டிக்கொண்டு இருக்கிறான் என்றுதான் அவர் சொல்வார். அன்றைக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, என் மகனுக்காக ரேடியோவை நிறுத்தினார்கள் என்று குழறிக் குழறிச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் பாட்டு போயிற்றே என்ற எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன, எதையும் நான் தள்ளிவிடவில்லை. பட்டறைக்குத் திரும்பும்போது ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்திருந்தது.

கமிட்டித் தலைவர் அதன்பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஒரு தடவ நிப்பாட்டுனதுக்கே இம்புட்டுப் பேச்சு வாங்குறேன் டீச்சர். என்னைய விட்ருங்க."

கையில் இருந்தது பாதிப் பாட்டுதான். கிட்டார்காரன் அதை அப்பாவுக்குப் போனில் போட்டுக் காட்டினான். பாட்டு ஷேர் ஆட்டோவைப் பற்றியது என்று தெரிந்ததும் பெரியவர் கோபப்பட்டாராம். என் பஸ் ஆளையெல்லாம் பிடுங்கிப்போன வண்டிக்குப் பாட்டா என்று கேட்டாராம். ஆனாலும் கேட்டார். கடைசியில் ஷட்டர் தடதடக்கிறதும், நிப்பாட்டு, வீட்டுக்கு ஓடு என்ற கத்தலும், கிட்டார் விழுகிறதும் அப்படியே பதிவாகியிருந்தன. அந்த இடம் அவருக்கு உயிர்.

நான் ஒருநாள் பார்க்கப் போயிருந்தபோது, "டேய், என்னையக் கொன்ன எடத்தப் போடு, டீச்சர் கேக்கட்டும்" என்றார்.

"அது மட்டும் தனியா இல்லப்பா. முதல்ல இருந்து கேக்கணும்."

"போடு. எனக்கென்ன வண்டிக்கா நேரமாச்சு?"

கண்ணை மூடிக்கொண்டு, நன்றாயிருந்த கையால் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே கேட்டார். தாளம் மாறும் இடத்தில் அவர் விரல் தடுமாறவில்லை. பார்க்க வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து இப்படித்தான் கேட்க வைத்தாராம். எங்கள் பாதிப் பாட்டை முழுசாக, அலுக்காமல், தினமும் கேட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஆடி முடிய சில நாட்கள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ரேடியோ பாதியில் நின்றது. மேலே பார்த்தேன், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சேலையை மாற்றினேன்.

பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மேலூரிலிருந்து அவருடைய தங்கை வர வேண்டும் என்று எடுப்பதைத் தள்ளி வைத்திருந்தார்கள். அழுகிறவர்கள் அழுது ஓய்ந்த பிறகு, அந்தத் தெருவில் அப்படி ஒரு அமைதி. மறுபடி குடத்தில் தண்ணீர் விழுந்தது. என்னை அறியாமல் என் இடது கை முழங்காலின் மேல் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தது. பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டேன்.

கிட்டார்காரன் ஏதோ எடுக்க உள்ளே வந்தவன் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரு சத்தம் இல்ல பாத்தீங்களா?"

"ம்."

"இன்னைக்கு அவருக்காக நிப்பாட்டியிருக்காங்க." துண்டால் முகத்தைத் துடைத்தான். "இந்த அமைதிய நாம ரெக்கார்டிங்குக்கு எடுக்க வேணாம்க்கா."

எடுக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அவன் என் கையைப் பார்த்திருக்கிறான்.

காரியம் எல்லாம் முடிந்து, டிரம்ஸ்காரன் கிளம்புவதற்கு முந்தைய நாள், கடைசியாக ஒரு தடவை வாசித்துப் பார்ப்போம் என்று பட்டறையில் கூடினோம். ஆடி போயிருந்தது, ரேடியோவும் ஓய்ந்திருந்தது. ஆனால் அன்று வேலைநாள். பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் கத்திக்கொண்டிருந்தது. எப்படி வருகிறதோ வரட்டும் என்று மைக்கைப் போட்டோம். எனக்கு உடம்பில் தெம்பே இல்லை, அவர்களுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கைகளுக்கு வழி தெரியும். வில்லாபுரம் தாண்டியது, வேகம் ஏறியது.

அன்றைக்கு ஷட்டர் தடதடத்த அந்த இடம் வந்தது. கிட்டார் நின்றுவிட்டது. டிரம்ஸும் நின்றது. என் கையும் தானாக நின்றிருந்தது. மூன்று பேரும் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

யாரும் வந்து தட்டவில்லை.