சின்னம்மாவின் துப்பட்டி

நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். அவரிடம் போவதற்காகத் தொண்டியிலிருந்து புறப்பட்ட நாங்கள் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கியபோது, இப்போதைக்குக் கப்பல் போகாது என்று சொல்லிவிட்டார்கள். காற்று அடங்கினால் சாயங்காலம் போகுமாம். அப்போது காலை எட்டு மணி. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. கூட வர வேண்டிய சின்னம்மா கடைசி நேரத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருடைய பயணத் தாள்கள் அம்மாவின் கைப்பையிலேயே தங்கிவிட்டன. முன்பே கட்டி வைத்த, வெளியே போகும்போது தலையோடு போர்த்திக்கொள்ளும் அவருடைய வெள்ளைத் துப்பட்டியும் எங்கள் பெட்டிக்குள் கிடந்தது.

"தம்பி அழுகாமப் பார்த்துக்க. நான் பெட்டிய விட்டு நகர முடியாது" என்றார் அம்மா.

நான் பெருமையோடுதான் ஆரம்பித்தேன். ரயில் பெட்டிகளை எண்ணிக் காட்டினேன். மணலில் ஒட்டகம் வரைந்தேன். தம்பி அது ஆடு என்றான். ஆடு மாதிரி கத்தியும் காட்டினேன். கப்பல் கண்ணெதிரே நின்றதுதான் வினை. அதில் ஏற வேண்டும் என்று பத்து மணிக்கெல்லாம் மணலில் புரண்டு கதற ஆரம்பித்துவிட்டான்.

கொட்டகை ஓரத்தில் துணி மூட்டையோடு தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் அப்போது எழுந்து வந்தார்.

"ஏலே, கொழுந்து பறிக்க வாரியா?"

தம்பி அழுகையை நிறுத்தினான். அவர் ஒரு துண்டைக் கூடை மாதிரி முடிந்து, அதன் வாரை அவன் நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டார். மணலில் படர்ந்திருந்த அடம்பங்கொடியில் இலை கிள்ளி, தோளுக்கு மேலாகப் பின்னால் எறியக் கற்றுக்கொடுத்தார். பாதி இலை வெளியே விழுந்தது. "தொரை வாராரு, வெரசாப் பறி!" என்றதும் அவன் சிரித்துக்கொண்டே ஓடி ஓடிப் பறித்தான். நானும் ஒரு இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் கீழே தட்டிவிட்டு, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் அம்மா கட்டுச்சோற்றில் அவருக்கும் ஒரு பங்கு வைத்தார். தம்பி அவர் மடியில் தூங்கிப்போனான். இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது. அவருக்குப் பரமக்குடிப் பக்கம். புருஷனோடு இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தகப்பன் சாவுக்கு வந்தவரைத் திரும்பிப் போகும்போது தாள் செல்லாது என்று நிறுத்திவிட்டார்கள். நாலு நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

"என் மகனுக்கும் இவன் வயசுதான். அவன அங்க விட்டுட்டு வந்துட்டேம்மா" என்றார்.

அம்மா கைப்பையைத் திறந்து சின்னம்மாவின் தாள்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, சின்னம்மாவின் துப்பட்டியை எடுத்து நீட்டினார்.

"காத்து அடிக்குது. நல்லாப் போத்திக்கிருங்க."

பெருநாளைக்கு உடுத்தும் துப்பட்டி அது. என்னை ஒருநாளும் தொட விட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு மணி சுமாருக்குக் காற்று தணிந்து எங்களைக் கூப்பிட்டார்கள். வரிசையில் அம்மா முன்னால் நின்றார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகம் மூட முக்காடிட்டு அந்தப் பெண் பின்னால் நின்றார். மேசையில் இருந்த அதிகாரி தாள்களைப் புரட்டினார்.

"இவங்க யாரு, உங்க தங்கச்சியா?"

அம்மா தலையை ஆட்டினார்.

"இல்ல" என்றேன் நான். "எங்க சின்னம்மா ஊர்ல காய்ச்சலாக் கெடக்காங்க. இவங்க இங்கன வந்து ஒட்டிக்கிட்டவங்க."

அதிகாரி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சின்னம்மாவின் தாள்களை மட்டும் உருவித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நீங்க போங்கம்மா" என்றார்.

அந்தப் பெண் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துப்பட்டியைக் கழற்றி மடித்து அம்மா கையில் கொடுத்தார். தம்பி அவர் கழுத்தை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவனை என்னிடம் தந்து, "கெட்டியாப் பிடிச்சுக்க தாயி, படியில தண்ணி கெடக்கு" என்றார்.

கப்பல் கரையை விட்டு வெகுதூரம் போகும்வரை தம்பி அழுதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் அழுகைதான் அவரை அலுக்க வைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் கொழும்பில் அத்தாவைப் பார்த்ததும் முதல் வேலையாக இந்தக் கதையைத்தான் சொன்னேன். சின்னம்மா மாதிரி வேஷம் போட்ட பெண்ணை நான்தான் காட்டிக்கொடுத்தேன், இல்லாவிட்டால் அம்மா ஏமாந்திருப்பார் என்றேன். பொய் சொல்லாத பிள்ளை என்று ஊரெல்லாம் என்னைப் பற்றிச் சொல்பவர் அத்தா. அன்று அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அத்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நான் சொன்னது அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, பின்னாலேயே ஓடி, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.